நெஞ்சளவுக் கும்மி

நெடுங்கரைப்பட்டியில் முளைப்பாரிக்கு முத்துப் போட்ட மறுநாளே கும்மி தொடங்கிவிடும். பானைகளில் விதைத்த தானியம் இருட்டறைக்குள் முளைத்து வளர்கிற எட்டு நாளும், விளக்கு வைக்கிற நேரத்தில் காளியம்மன் கோயில் பொட்டலில் பெண்கள் கூடிக் கும்மி கொட்ட வேண்டும். முதுகுளத்தூரிலிருந்து சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கண்மாய்க்கரை திரும்பும்போதே கைத்தட்டல் கேட்டுவிடும்.

இந்த ஆவணியில் அந்தச் சத்தம் கேட்டதும் வீரலட்சுமி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

அவள் கணவன் பூமிநாதன் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தான். இருபது வருஷமாகப் பாட்டுக்காரி முத்தழகுக்குப் பக்கத்து இடம் தன் மனைவியின் இடம் என்பது அவனுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் வருஷத்திலேயே அவள் கைத்தட்டல் தனியாகக் கேட்கிறது என்று ஊரில் பேச்சு வந்தது. அப்போது அவனுக்கு ஒரே பெருமை.

மாசி மாதம் மதுரையில் அவளுக்கு இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அதன்பிறகு இருபத்தைந்து நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். சீக்கிரமே கண்டுபிடித்ததால் பயமில்லை, மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். உயிருக்கு ஆபத்தில்லாமல் போனது. ஆனால் இடது கை வீங்கிக் கனத்துப்போனது. நெஞ்சுக்கு மேலே தூக்கினால் அக்குளில் யாரோ கயிற்றைக் கட்டி இழுப்பதுபோல் இருந்தது. மாதம் இரண்டு முறை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போனாள். அங்கே பிசியோதெரபி பார்க்கிற சுஹா என்ற கீழக்கரைப் பெண், சுவரில் விரல்களை வைத்து எறும்பு ஏறுவதுபோல் மேலே மேலே ஏற்றச் சொல்லிக் கொடுத்திருந்தாள். தினமும் மூன்று வேளை செய்யவேண்டும். வீரலட்சுமி இரண்டு நாள் செய்வாள். மூன்றாம் நாள் சுவரைப் பார்த்தாலே அழுகை வரும், விட்டுவிடுவாள். தலைமுடியைத் தூக்கி முடியக்கூட இரண்டு கையும் ஒத்துழைக்காது. காலையில் பூமிநாதன்தான் வாரிப் பின்னிவிடுவான். பின்னல் எப்போதும் ஒரு பக்கமாகவே திரும்பி நிற்கும்.

கும்மிக்குப் போகாததற்கு அவளிடம் இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, ஜாக்கெட்டுக்குள் துணி வைத்துத் தைத்திருந்தாலும் ஊர்ப் பெண்களின் கண் அங்கேதான் போகும் என்ற கூச்சம். இன்னொன்றை அவள் பூமிநாதனிடம்கூடச் சொல்லவில்லை. கும்மியில் தப்புச் செய்கிறவர்களை அவள் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. எல்லாக் கையும் தலைக்குமேல் போகும்போது ஒரு கை மட்டும் கீழே நின்றால் வட்டமே கெட்டுவிடும் என்று அவளே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறாள்.

அதில் ஒருத்தி ராக்கு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ராக்கு உப்பூர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த புதிது. அவள் ஊரில் கும்மிக்கு அடி வேறு. இங்கே மூன்றடி முன்னால் போய்த் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் இரண்டாவது அடியிலேயே திரும்பி, எதிரே வந்த வீரலட்சுமியின் மேல் முட்டிக்கொண்டாள். முதல்முறை எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் முறை வீரலட்சுமி பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டாள். தாளம் தெரியாதவள் ஓரமாக நின்று பார்க்கட்டும் என்று அத்தனை பேர் முன்னிலையில் சொன்னாள். ராக்கு அந்த எட்டு நாளும் கோயில் சுவரை ஒட்டி நின்றாள். மறுவருஷம் அடி பிசகாமல் ஆட வந்துவிட்டாள். அப்புறம் மிளகாய்ப் பழம் பறிக்க வீரலட்சுமியின் கொல்லைக்கே கூலிக்கும் வந்தாள். அந்தப் பழைய பேச்சை இரண்டு பேரும் எடுத்ததே இல்லை.

கும்மி தொடங்கிய மூன்றாம் நாள் ராத்திரி, கும்மி முடிந்ததும் ராக்கு வந்து சாத்தியிருந்த கதவைத் தட்டினாள். பூமிநாதன் திறந்தான். அவள் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. நிலைப்படியில் நின்றபடி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மதினி, ஆளு ஒத்தையா இருக்கு. இருவத்தேழு பேரு. சோடி கொட்டுற பாட்டு வந்தா எனக்கு எதுத்தாப்புல ஆளு இல்ல. வெறுங்காத்துல கொட்டிட்டு நிக்கிறேன்."

வேறு யாரையாவது கூப்பிடச் சொன்னாள் வீரலட்சுமி. எல்லா வீட்டிலும் கேட்டாயிற்று என்றாள் ராக்கு. தன் கை மேலே போகாது என்று வீரலட்சுமி சொன்னதும், எவ்வளவு போகும் என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை ஊரில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஐயோ பாவம் என்பார்கள், இல்லாவிட்டால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். வீரலட்சுமி கோபத்தோடுதான் கையைத் தூக்கிக் காட்டினாள். அது நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. ராக்கு பக்கத்தில் வந்து, தன் உள்ளங்கையை அந்தக் கைக்கு எதிரே வைத்துப் பார்த்தாள்.

"இம்புட்டுப் போதும்" என்றாள். "நாளைக்கு வாரேன். சீலைய மாத்திட்டு இருங்க."

அவள் போனபிறகு வீரலட்சுமிக்கு அந்த உள்ளங்கை வைத்த இடத்தில் சூடு இருந்துகொண்டே இருந்தது. போவதா வேண்டாமா என்று மறுநாள் முழுக்க யோசித்தாள். சாயங்காலம் பூமிநாதன் வழக்கத்துக்கு மாறாக இரண்டாம் முறை தலைவாரிவிட்டு, முளைப்பாரிச் சமயத்தில் அவள் கட்டுகிற மஞ்சள் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டான். அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை.

பொட்டலில் அவளைப் பார்த்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முத்தழகு மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, தன் பக்கத்து இடத்தைக் கையால் காட்டினாள். பாட்டு தொடங்கியது. குனிந்து கொட்டுகிறபோது ஒன்றும் தெரியவில்லை. கால் அதுபாட்டுக்கு மூன்றடி போய்த் திரும்பியது. நிமிர்ந்து தலைக்குமேல் கொட்டுகிற இடம் வந்தது. ஐம்பத்து நான்கு கை ஒன்றாக மேலே போனது. வீரலட்சுமியின் வலது கையும் போனது. இடது கை நெஞ்சோடு நின்றுவிட்டது. அக்குளில் சுரீர் என்று இழுத்தது. அவள் தடுமாறி நிற்க, பின்னால் வந்தவள் முதுகில் மோத, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி மோத, வட்டம் கலைந்துபோனது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அப்போதுதான் ராக்கு நடுவில் வந்து நின்றாள். சத்தம் போட்டுப் பேசுகிற பெண்ணில்லை அவள். முத்தழகைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"அத்தை, மேல கொட்ட வேணாம். நெஞ்சுக்கு நேராக் கொட்டுவோம். அம்புட்டுப் பேரும்."

பொட்டலில் சலசலப்பு எழுந்தது. முளைப்பாரிக் கமிட்டிக்காரர் சேதுபதியின் பெண்சாதி உமாமகேஸ்வரி அது சரிவராது என்றாள். காலகாலமாகத் தலைக்குமேல் கொட்டுகிற கும்மி, திடீரென்று மாற்றினால் அம்மனுக்குக் குறையாகிவிடும் என்றாள். ஒருத்திக்காக இருபத்தேழு பேரும் கையை இறக்க வேண்டுமா என்றும் கேட்டுவிட்டாள். கேட்டபிறகு அவளுக்கே ஒருமாதிரியாக இருந்திருக்க வேண்டும், வீரலட்சுமியின் பக்கம் பார்க்காமல் கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

முத்தழகுக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் வலிக்காரி. கோயில் பக்கம் திரும்பி, முளைப்பாரிப் பானைகள் இருக்கிற இருட்டறையின் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள பயிரு இப்ப எம்புட்டு ஒசரம் இருக்கும்?" என்று கேட்டாள்.

நாலு விரற்கடை இருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

முத்தழகு தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரும் இதுவரை கேட்டிராத ஒரு அடியை எடுத்துவிட்டாள்.

"மொளச்ச பயிரு மொழங்கா ஒசரம்
மொழங்கா ஒசரமே கொட்டுங்கடி
வளந்த பயிரு நெஞ்சு ஒசரம்
நெஞ்சு ஒசரமே கொட்டுங்கடி"

அவ்வளவுதான். வாதம் முடிந்துவிட்டது. பாட்டு வந்துவிட்டால் கொட்டாமல் நிற்க முடியாது. ராக்கு வந்து வீரலட்சுமியின் வலது கையைப் பிடித்து இழுத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீரலட்சுமி பிடித்த அதே மணிக்கட்டுக் கை. இப்போது வட்டத்துக்குள்ளே இழுத்தது.

புதுக் கும்மி முதலில் படு குழப்பமாகப் போனது. பிறந்ததிலிருந்து தலைக்குமேல் கொட்டிப் பழகியவர்கள். பாட்டு நெஞ்சுயரம் என்று சொல்லும்போது கை பழக்கதோஷத்தில் மேலே போய்விடும். பாதிப் பேர் மேலே, பாதிப் பேர் கீழே. அவசரமாக இறக்கின கை பக்கத்தில் நிற்பவளின் தலையில் இடித்தது. உமாமகேஸ்வரி எல்லோரையும்விட மோசம். நான்கு முறை தனியாக மேலே கொட்டிவிட்டு, ஐந்தாம் முறை தன்னையே பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வட்டம் முழுக்கப் பரவியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த அமளியில் வீரலட்சுமி ஒன்றைக் கவனித்தாள். இருபத்தெட்டுப் பேரில் தப்பில்லாமல் கொட்டுகிறவள் தான் ஒருத்திதான். தன் கைக்கு மேலே போகத் தெரியாது, அதனால் பிசகவும் இல்லை. உமாமகேஸ்வரி அவளுக்கு எதிரே வந்து நின்று, எப்படிக் கொட்டுகிறாய் காட்டு என்று கேட்டு, பார்த்துப் பார்த்துக் கொட்டினாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது கை வலித்தது. ஆனால் அந்த வலியில் பயமில்லை. பல மாதத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. பூமிநாதன் தோசை ஊற்றிப்போட, ஐந்து தின்றாள்.

அதற்கடுத்த நாட்களில் முத்தழகு பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். பயிர் நெஞ்சுயரத்திலிருந்து தோள் உயரத்துக்கு வளர்ந்தது. தோளிலிருந்து தாடை உயரத்துக்கு வந்தது. சோடி கொட்டும்போது எதிரே நிற்கிற ராக்குதான் அளவு பார்ப்பாள். நேற்று எட்டியதற்கு ஒரு விரல் மேலே தன் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பாள். எட்டினால் சத்தமாகக் கொட்டுவாள். எட்டாவிட்டால் பேசாமல் ஒரு விரல் இறக்கிக்கொள்வாள். அவள் அப்படிச் செய்கிறாள் என்பதே வீரலட்சுமிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. சுவரில் எறும்பு ஏறியபோது அழுத கை, இங்கே பாட்டுக்கு நடுவில் எங்கே போகிறதென்று யோசிக்க நேரமில்லாமல் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஜாக்கெட்டை யாராவது பார்த்தார்களா என்றால், பார்த்திருக்கலாம். அவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை.

ஏழாம் நாள் கும்மி முடிந்து ராக்குவும் அவளும் ஒன்றாக நடந்து வந்தார்கள். கண்மாயில் தண்ணீர் அதிகமில்லை. கரையில் காற்று இருந்தது. வீரலட்சுமி நின்றாள். ராக்குவின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"ஏத்தா, அன்னைக்கு ஒன்னையக் கையப் புடிச்சு வெளிய விட்டேனே. அது தப்பு. நான் அப்பயே சொல்லியிருக்கணும்."

ராக்கு சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மறக்கல மதினி. ரெண்டு வருசம் ஒங்க மேல அம்புட்டுக் கோவம். கொல்லைக்கு வேலைக்கு வந்தப்பகூட மூஞ்சியப் பாக்காமத்தான் பறிச்சேன். அப்புறம் எம்மவனுக்குக் காச்சல் கண்டப்ப நீங்கதான ராத்திரி வண்டி புடிச்சுக் கூட்டிட்டுப் போனீக. அதோட போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "ஓரமா நிக்கிறது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல. அதான் வந்தேன்" என்றாள்.

இருவரும் மேலே நடந்தார்கள். வீட்டுக்குத் திரும்புகிற முக்கில் ராக்கு இன்னொன்றையும் சொன்னாள். அதைச் சொல்லலாமா என்று அவள் யோசித்தது நடையிலேயே தெரிந்தது. ஆள் ஒற்றையாக இருக்கிறது என்று சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு நிசமும் இல்லையாம். முதல் இரண்டு நாளும் இருபத்தெட்டுப் பேர் சரியாகத்தான் இருந்தார்கள். ராக்கு தன் நாத்தனார் பூங்கோதையிடம் விஷயத்தைச் சொல்ல, மூன்றாம் நாளிலிருந்து அவள் கால் சுளுக்கு என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாள். வீரலட்சுமியை அழைத்து வர வேறு வழி இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வீரலட்சுமிக்கு நினைவு வந்தது. நான்கு நாளாகக் கோயில் சுவரோரம், ராக்கு ஒரு காலத்தில் நின்ற அதே பக்கம், பூங்கோதை உட்கார்ந்து மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பூங்கோதை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். இந்தக் கும்மிக்கென்றே பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தாள். அந்த லீவைத்தான் வீரலட்சுமிக்காக விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வீரலட்சுமி அந்த முக்கில் நின்றே அழுதாள். ராக்கு தடுக்கவில்லை, பக்கத்தில் நின்றாள்.

கடைசி நாள் வீரலட்சுமி பொட்டலுக்கு வந்ததும் முதலில் பூங்கோதையிடம் போனாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் வலிக்கிறது என்றாள் பூங்கோதை, முகம் காட்டிக்கொடுத்தது. வீரலட்சுமி கையை நீட்டினாள், இடது கையை. பூங்கோதை அதைப் பிடித்து எழலாமா என்று தயங்கி, பிறகு மெதுவாகப் பிடித்து எழுந்தாள். இருபத்தொன்பது பேர் ஆனார்கள். சோடிப் பாட்டு வந்தபோது ராக்கு நடுவில் நின்று ஒரு கையை வீரலட்சுமிக்கும் இன்னொரு கையைப் பூங்கோதைக்கும் கொடுத்தாள். அன்றைக்குப் பயிர் நெற்றி உயரம் என்று பாடினாள் முத்தழகு. வீரலட்சுமியின் கை புருவம்வரை போனது. அதற்குமேல் போகவில்லை. மற்ற இருபத்தெட்டுப் பேரும் புருவத்துக்கு நேராகவே கொட்டினார்கள், உமாமகேஸ்வரி உட்பட. குலவைச் சத்தத்தோடு பானைகள் வெளியே வந்து ஊர்வலமாகக் கண்மாய்க்குப் போனபோது வீரலட்சுமி வழியெல்லாம் வாய்விட்டு அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். எதையும் கேட்கத் தோன்றவில்லை. வெறுமனே கூப்பிட்டாள்.

அவர்கள் ஊரில் நன்றி என்று யாரும் வாயால் சொல்லிக்கொள்வதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூமிநாதன் ஒரு கிடாய் வாங்கினான். இருபத்தெட்டு வீட்டுக்கும் வீரலட்சுமி தானே நடந்துபோய்ச் சாப்பிடக் கூப்பிட்டாள். பூங்கோதை மறுநாள் திருப்பூருக்குக் கிளம்ப வேண்டியவள், அவளுக்கு மட்டும் முதல் பந்தியில் இலை போட்டு, நல்ல எலும்பாகப் பார்த்து வைத்தாள். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். கறியில் உறைப்பு கொஞ்சம் தூக்கல் என்று உமாமகேஸ்வரி குறை சொல்லிவிட்டு இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

அதற்கடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சுஹா அவள் கையைத் தூக்கிப் பார்த்து, அளவு குறித்து, பழைய தாளை எடுத்து ஒப்பிட்டாள். ஒருவழியாகச் சுவர்ப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தீர்களா என்று கேட்டாள். வீரலட்சுமி பொய் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். சுஹா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். கையை ரொம்பக் களைப்படைய விடக்கூடாது, வீக்கம் கூடினால் உடனே நிறுத்த வேண்டும் என்று எச்சரித்துவிட்டு, அந்தக் கும்மியை ஒருமுறை காட்ட முடியுமா என்று கேட்டாள்.

தனியாகக் கொட்ட வராது என்றாள் வீரலட்சுமி.

அறைக்கு வெளியே பெஞ்சில் நான்கு பெண்கள் காத்திருந்தார்கள். திருப்புல்லாணியிலிருந்து வந்த தோள்வலிக்காரி ஒருத்தி. மற்ற மூன்று பேருக்கும் வீரலட்சுமிக்கு வந்த அதே நோய். அதில் ஒருத்திக்கு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையை வயிற்றோடு அணைத்தபடி, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். சுஹா எல்லோரையும் உள்ளே கூப்பிட்டாள். மேசையை ஓரமாகத் தள்ளினாள். ஐந்து பேர் என்றால் ஒற்றையாகிறது என்று வீரலட்சுமி சொன்னதும், சுஹா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் வந்து நின்றாள்.

வீரலட்சுமி அந்தப் புதிய பெண்ணின் எதிரே போய் நின்றாள்.

"பேரு என்னம்மா?"

"யுவராணி."

"கை எம்புட்டு வரும்? காட்டு பாப்போம்."

யுவராணி தயங்கித் தயங்கித் தூக்கினாள். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது.

"இம்புட்டுப் போதும்" என்றாள் வீரலட்சுமி. மற்றவர்களைப் பார்த்து, எல்லோரும் இடுப்பு உயரத்திலேயே கொட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு, தனக்கு முத்தழகு மாதிரிக் குரல் இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, பாட ஆரம்பித்தாள்.